இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை

ராஜஸ்தானின் ஜெய்சால்மர் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாங் கடை இருக்கிறது. அரசு அனுமதி பெற்ற கடை என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கும். அரைத்த கஞ்சா இலையை லஸ்ஸியில் கலந்து கொடுப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் வாங்கிக் குடித்துவிட்டு, கடை முன்னால் நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள். காசியிலும் இப்படி உரிமம் பெற்ற கடைகள் உண்டு. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் கூட்டம் அலைமோதும். அதே செடியின் பூவை ஒரு பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்திருந்ததாகச் சென்னையில் ஒரு பையன் பிடிபட்டால் அவன் மீது போதைப்பொருள் வழக்குப் பாயும். அடுத்த நாள் செய்தித்தாளில் அவன் கைகட்டி நிற்கும் படம் வரும்.

இரண்டுமே ஒரே நாட்டில், ஒரே மத்தியச் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. 1985இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாச் செடியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிசின் என்றால் சரஸ், அதற்குத் தண்டனை உண்டு. பூவும் காயும் சேர்ந்த நுனி என்றால் கஞ்சா, அதற்கும் தண்டனை உண்டு. நுனியோடு சேராத விதையும் இலையும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. அதனால் இலையில் செய்யும் பாங் அந்தந்த மாநிலத்தின் முடிவுக்கு விடப்பட்டது. உத்தரப் பிரதேசமும் ராஜஸ்தானும் உரிமம் கொடுத்து வரி வசூலிக்கின்றன. மகாராஷ்டிரா தன் மதுவிலக்குச் சட்டத்தால் அதையும் கட்டுப்படுத்துகிறது.

செடிக்குள் இந்தக் கோடு எப்படி விழுந்தது என்று தெரிந்தால்தான் இன்று நடக்கும் ‘சட்டபூர்வமாக்கலாமா’ என்ற பேச்சு புரியும். அதற்கு 130 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இந்தியாவில் அரசே கஞ்சா விற்க அனுமதித்து வரி வாங்குகிறதே, அதனால் மக்கள் பைத்தியமாகிறார்களாமே என்று மதுவிலக்கு ஆதரவாளர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு ஆணையம் அமைந்தது. நான்கு ஆங்கிலேயர், மூன்று இந்தியர். அவர்கள் நாடெங்கும் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். மருத்துவர், விவசாயி, சாமியார், வரி அதிகாரி என்று எல்லாத் தரப்பினரும் அதில் உண்டு. மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளைத் திறந்து பார்த்ததுதான் அவர்கள் செய்த மிக நல்ல காரியம் என்பேன். ‘காரணம்: கஞ்சா’ என்று எழுதப்பட்டிருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டார்கள். பலரை அழைத்து வந்த போலீஸ்காரர் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்த காரணமே அப்படியே ஏட்டில் ஏறியிருந்தது தெரியவந்தது. பாதிக்கு மேற்பட்டவை விசாரணையில் நிற்கவில்லை.

3,000 பக்கங்களைத் தாண்டிய அந்த அறிக்கை 1894இல் வந்தது. மிதமான பயன்பாட்டால் உடலுக்கும் மனதுக்கும் ஒழுக்கத்துக்கும் அநேகமாகத் தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு, முழுத்தடை தேவையில்லை, வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. வெள்ளை அரசுக்குக் கலால் வருமானத்தின் மேல் கண் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் சாட்சியங்களைத் தேடிப் போய் விசாரித்துவிட்டு முடிவு சொன்ன விதத்தில் அந்த அறிக்கைக்கு ஈடாகப் பின்னாளில் வந்த எந்தச் சட்டத்துக்கும் அடித்தளம் இருந்ததில்லை.

அந்தக் காலத்துக் கஞ்சா வணிகம் எப்படி நடந்தது என்று இன்று பலருக்குத் தெரியாது. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் உரிமத்தோடு கஞ்சா பயிரிட்டார்கள். மலையடிவாரத்தில் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் சந்தவாசலில் அரசு மேற்பார்வையில் கஞ்சாக் கிடங்கு இருந்தது. அறுவடை அங்கே போய், எடை போட்டு, வரி கட்டி, பிறகுதான் கடைகளுக்குப் போகும். கள்ளுக்கடை, சாராயக்கடை, அபினிக்கடை போலக் கஞ்சாக் கடையும் ஏலத்தில் விடப்பட்டது.

வங்காளத்தின் நவ்காவ் கதை இன்னும் பெரியது. அங்கே 1917இல் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இடைத்தரகர்களை ஒதுக்கிவிட்டு விளைச்சலைத் தாங்களே சேமித்து விற்றார்கள். வந்த லாபத்தில் பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை, பாலம் எல்லாம் கட்டினார்கள். தேசம் இரண்டு முறை மாறியும் அந்தச் சங்கம் தாக்குப்பிடித்தது. வங்கதேச அரசு 1987இல் சாகுபடியைத் தடை செய்தபோதுதான் அந்த ஊரின் வருமானம் நின்றது. கஞ்சாவை அனுமதித்தால் பலன் யாருக்கு என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நவ்காவ்தான் நினைவுக்கு வரும். இன்றைய விவாதத்தில் அந்தப் பெயர் வருவதே இல்லை.

சரி, தடை எங்கிருந்து வந்தது? 1961இல் ஐ.நா. போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை. அமெரிக்கா முன்னின்று தள்ளிய இந்த உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. கோவிலிலும் திருவிழாவிலும் புழங்கும் ஒரு பொருளை இப்படி ஒரேயடியாக ஒழிக்க முடியாது என்று இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அதில் இரண்டு சலுகைகள் கிடைத்தன. ஒன்று, நுனியோடு சேராத இலையும் விதையும் வரையறைக்கு வெளியே போயின. இந்தியச் சட்டத்தில் இருப்பது அந்த வாசகத்தின் நகல்தான். இன்னொன்று, மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த உடன்படிக்கை அமலுக்கு வந்ததிலிருந்து 25 ஆண்டுகள் அவகாசம். அமலுக்கு வந்தது 1964 டிசம்பரில். ஆக, 1989இல் கெடு முடியும்.

கெடுவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, ராஜீவ் காந்தி ஆட்சியில், 1985 ஆகஸ்டில் மசோதா வந்தது. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நவம்பர் 14 முதல் அமல். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து ஹெராயின் இந்தியா வழியாகக் கடத்தப்பட்ட காலம் அது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஹெராயினுக்காக நெய்த வலையில் கஞ்சாவும் மாட்டியது. நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. 1,193 பேரைக் கேட்டு எடுத்த ஒரு முடிவு சில வாரங்களில் தலைகீழானது. நாட்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு ஆணையராக இருந்த ரொமேஷ் பட்டாச்சார்ஜி, இந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று பின்னாளில் வெளிப்படையாகவே பேசிவந்தார்.

இன்று பிடிபட்டால் என்ன ஆகும்? 2001 திருத்தத்துக்குப் பிறகு எடையை வைத்துத்தான் எல்லாம். ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு வந்து நிற்கும்: குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலொழிய ஜாமீன் கிடைக்காது. கைப்பற்றிய மூட்டையில் பூ எவ்வளவு, இலையும் தண்டும் எவ்வளவு என்று பிரித்து எடை போட்டார்களா என்ற கேள்வியில்தான் பல ஜாமீன் மனுக்கள் தொங்குகின்றன. அன்று உடன்படிக்கையில் போட்ட கோடு இப்படித்தான் இன்று ஒரு மனிதனின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் குண்டர் சட்டமும் உண்டு. போதைப்பொருள் குற்றவாளி என்று முத்திரை விழுந்தால் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சிறு அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சம்மதித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம் என்கிறது 64ஏ பிரிவு. இப்படி ஒரு பிரிவு இருப்பதைப் பிடிபடுபவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே! வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு தண்டனையோடு வெளியே வருகிறார்கள். மும்பை நீதிமன்றங்களின் 2017, 2018 வழக்குகளை ஆராய்ந்த ‘விதி’ என்ற சட்டக் கொள்கை ஆய்வு மையம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடத்தல் வழக்குகளல்ல, சொந்தப் பயன்பாட்டு வழக்குகள் என்று கண்டது. பொருளும் பெரும்பாலும் கஞ்சாதான். மாட்டியவர்கள் தெருவோரத்திலும் குடிசைப் பகுதிகளிலும் இருப்பவர்கள், தினக்கூலிகள். மாடி வீட்டு விருந்துக்குள் போலீஸ் போவது எப்போதாவது. அப்படிப் போனால் அது மாதக்கணக்கில் தொலைக்காட்சிச் செய்தி.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. மத்தியச் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்குள் கஞ்சாச் செடியிலிருந்து வரும் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி பேர். அவர்களில் பாங் எடுத்தவர்கள் 2.2 கோடி, சட்டம் தடை செய்த கஞ்சாவும் சரஸும் எடுத்தவர்கள் 1.3 கோடி. இரண்டையும் எடுத்தவர்களும் உண்டு. மது அருந்துபவர்கள் 16 கோடி. கஞ்சாவால் பாதிப்படைந்து உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 72 லட்சம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. சட்டபூர்வமாக்கக் கேட்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை மறைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பதின்வயதில் தொடங்கி தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பிள்ளையை அப்படிப் பறிகொடுத்த தாயிடம் போய் ‘இது வெறும் மூலிகை, சிவமூலி’ என்று சொல்ல முடியாது. அந்த 72 லட்சம் பேருக்கும் வேண்டியது மருத்துவர். இன்றைய ஏற்பாட்டில் அவர்களுக்கு முதலில் கிடைப்பது போலீஸ்.

இனி அரசியலுக்கு வருவோம். கஞ்சாவுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்திலிருந்து வந்த குரல்கள் எந்த ஒரு கட்சியையும் சேர்ந்தவை அல்ல. பிஜு ஜனதா தளத்தின் ததாகத சத்பதி, 2015இல் தானே இளவயதில் புகைத்ததுண்டு என்று பொதுவெளியில் சொன்னார். இது ஏழைகளின் போதை என்பதால்தான் மேல்தட்டினர் தடுக்கிறார்கள், அவர்களுடைய மதுவுக்குத் தடையில்லை என்பது அவர் வாதம். பஞ்சாப் பாட்டியாலாவின் தரம்வீர காந்தி, இதயநோய் மருத்துவர். அவர் 2016இல் தனிநபர் மசோதாவே தயாரித்தார். தன் மாநிலத்தில் ஹெராயினும் மாத்திரைகளும் இளைஞர்களைத் தின்பதைப் பார்த்துவிட்டு, இயற்கைப் போதைகளைக் கட்டுப்பாட்டோடு அனுமதித்தால் ரசாயனப் போதையின் பிடி தளரும் என்று வாதாடினார். பாஜக அமைச்சராக இருந்த மேனகா காந்தி 2017இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்டார். காங்கிரஸின் சசி தரூர் 2018இல் முறைப்படுத்த வேண்டும் என்று கட்டுரை எழுதினார். 2019இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது.

ஒரு கட்சிகூட இதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. கஞ்சா இங்கே தேர்தல் ஆயுதம். தமிழ்நாட்டில் யார் எதிர்க்கட்சியோ அவர்கள் ‘கஞ்சா புழக்கம் பெருகிவிட்டது’ என்பார்கள். யார் ஆட்சியோ அவர்கள் எத்தனை கிலோ பிடித்தோம் என்று கணக்குக் கொடுப்பார்கள். நாற்காலி மாறினால் வசனமும் மாறும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’ 2.0, 3.0, 4.0 என்று அடுத்தடுத்து நடந்தது. கைது எண்ணிக்கை, முடக்கிய வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கை எல்லாம் பெருமையாக அறிவிக்கப்பட்டன. இங்கே பிடிபடும் சரக்கில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. வேறு பயிருக்கு விலையும் இல்லை, சந்தைக்குச் சாலையும் இல்லை என்ற நிலையில் பழங்குடி விவசாயிகள் வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிப் பயிரிடுகிறார்கள். 2021 இறுதியில் ஆந்திர அரசு ‘பரிவர்த்தனா’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. அப்புறமும் சரக்கு வருவது நிற்கவில்லை. ஒரு பகுதி வேதாரண்யம், ராமேஸ்வரம் கரைகளிலிருந்து படகேறி இலங்கைக்குப் போகிறது. அங்கே அதற்குப் பெயர் ‘கேரளக் கஞ்சா’.

இந்தச் சூழலில் ‘புகைப்பவரை விட்டுவிடுங்கள்’ என்று எந்த வேட்பாளர் மேடையில் பேசுவார்?

செடியைப் பற்றிப் பேசலாம், மனிதனைப் பற்றிப் பேசக்கூடாது என்ற எழுதப்படாத ஒப்பந்தம் அதனால்தான் உருவானது. நாருக்கும் விதைக்குமாகக் கஞ்சா பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று 1985 சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மாநிலங்கள் விதி வகுக்க 10ஆம் பிரிவு இடம் தருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடவில்லை. 2018இல் உத்தராகண்ட் முதல் மாநிலமாக நாருக்கான வணிகச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவுப் பொருளாக அங்கீகரித்தது. குமாவுன் மலைக் கிராமங்களில் அந்த விதையில் தலைமுறை தலைமுறையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இது செய்தியே இல்லை.

இமாச்சலப் பிரதேசம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே குல்லு பள்ளத்தாக்கில், குறிப்பாக மலானா கிராமத்தில், கையால் தேய்த்து எடுக்கும் சரஸுக்கு உலகச் சந்தை உண்டு; அதற்காகச் சிறைக்குப் போன மலைக்காரர்களும் நிறைய. கடனில் தவிக்கும் அந்த மாநிலம் 2023இல் வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியை ஆதரித்துச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது; 2025 ஜனவரியில் இரண்டு வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்கள் வழியாகச் சோதனைச் சாகுபடிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒரு சிக்கல். நார்ப் பயிரில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உத்தராகண்டின் விதி. இமயமலைச் சரிவில் தானாக முளைக்கும் நாட்டுச்செடி பெரும்பாலும் அந்த வரம்பை மீறுவது. பாட்டன் காலத்து விதை செல்லாது என்றால், சான்றிதழ் பெற்ற விதையை விலைக்கு வாங்க வேண்டும். அப்படி வாங்கி விதைத்தாலும் பக்கத்துக் காட்டுச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து கலந்து அடுத்த தலைமுறை விதையைக் கெடுத்துவிடும். ஆய்வகச் சோதனைக்குப் பணம், உரிமத்துக்குப் பணம். இதையெல்லாம் தாங்கக்கூடியவை நிறுவனங்கள்தான். ஆண்டாண்டு காலமாக இந்தச் செடியோடு வாழ்ந்து, அதற்காகச் சிறைக்கும் போன மலை விவசாயி, சட்டம் வந்த பிறகு கூலி ஆளாக நிற்கப் போகிறாரா என்ற கேள்விக்கு இந்தத் திட்டங்களில் பதிலைக் காணோம்.

வெளிநாடுகளைக் காட்டி வாதாடுபவர்கள் கனடாவையும் ஜெர்மனியையும் சொல்வார்கள். நமக்குப் பொருத்தமான பாடம் தாய்லாந்து. அங்கே அனுதின் சான்வீரகூலின் பூம்ஜாய்தாய் கட்சி வீட்டுக்கு ஆறு செடி என்று 2019 தேர்தலில் விவசாயிகளுக்கு வாக்குறுதி கொடுத்தது. அவரே சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9 முதல் கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து வெளியேறியது. முறைப்படுத்தும் சட்டம் மட்டும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவேயில்லை. விதிகள் அரைகுறையாக இருக்க, ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் அந்தக் கட்சி கூட்டணியை விட்டு விலகியது; சில நாட்களிலேயே புதிய ஆணை வந்தது: மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அமைச்சர் கையெழுத்தில் வந்ததை இன்னொரு அமைச்சர் கையெழுத்து எடுத்துவிட்டது. நம்பி முதல் போட்ட சிறு கடைக்காரரும் விவசாயியும் நடுத்தெருவில் நின்றார்கள். இமாச்சலம் இதைக் கவனித்தால் நல்லது.

டெல்லிக்கு என்ன நிலைப்பாடு? 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25, ஒரு நாடு வாக்களிக்கவில்லை. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இரண்டே வாக்கு வித்தியாசம். நம் வாக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தால் 26க்கு 26 என்று சமனில் நின்று, தீர்மானம் தோற்றிருக்கும். அதே மாதங்களில்தான் மும்பையில் திரைத்துறையினர் மீது கிராம் கணக்கிலான கஞ்சாவுக்காக வழக்குகள் நடந்துகொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, சிறைக்குப் பதில் கட்டாயச் சிகிச்சை தரலாம் என்று சமூக நீதி அமைச்சகமே பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. குளிர்காலக் கூட்டத்தொடரில் திருத்த மசோதா வருகிறது என்றதும் இதற்காகப் பாடுபட்ட பலர் ஆவலோடு காத்திருந்தார்கள். மசோதா வந்தது. ஆனால் அதில் இருந்தது வேறு விஷயம். 2014 திருத்தத்தின்போது சட்டத்தின் ஓர் உட்பிரிவின் எண் மாறியிருக்கிறது. அதைச் சுட்டும் 27ஏ பிரிவில், அதாவது கடத்தலுக்குப் பணம் கொடுப்பவர்களைத் தண்டிக்கும் பிரிவில், பழைய எண்ணே நின்றுவிட்டது. அதனால் ஏழு ஆண்டுகளாக அந்தத் தண்டனைப் பிரிவு இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருந்தது. திரிபுரா உயர் நீதிமன்றம் அதைக் கண்டு சொன்னதால் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றியது அந்த ஓர் எழுத்துத் திருத்தத்தை மட்டும்தான். பிடிபட்டவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் திருத்தம் இன்னும் அவைக்கு வரவில்லை.